பரணில் தூங்கும் பழைய பொருள்... போனிலேயே விற்பது எப்படி?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் பரணில் என்னென்ன கிடக்கிறது என்பதே பல வீடுகளில் தெரியவரும். தாத்தா காலத்து வால்வு ரேடியோ, இசைத்தட்டுகள், தபால்தலை ஆல்பம், பிள்ளைகள் வளர்ந்தபிறகு யாரும் தொடாத சைக்கிள்... இவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதுதான் வழக்கம். ஆனால், அதே பொருளைத் தேடி அலைகிற ஒருவர் எங்கோ இருப்பார். அவரைக் கண்டுபிடிக்க இன்று ஒரு ஸ்மார்ட்போன் போதும். கொஞ்சம் பொறுமையும் நிறைய எச்சரிக்கையும் கூடவே வேண்டும்.

உடைந்த பொருளுக்கும் ஆள் உண்டு!

1995-ம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்ற மென்பொருள் பொறியாளர் ஓர் ஏலத்தளத்தைத் தொடங்கினார். அதுதான் பிறகு 'ஈபே' ஆனது. அதில் முதலில் விற்ற பொருள், அவரிடம் இருந்த பழுதான லேசர் பாயின்டர். 14.83 டாலருக்கு ஏலம் போனது. 'இது உடைந்தது என்று தெரியும்தானே?' என்று வாங்கியவரிடம் அவர் கேட்க, 'உடைந்த லேசர் பாயின்டர்களைத்தான் சேகரிக்கிறேன்' என்று பதில் வந்ததாம். குறையை மறைக்காமல் சொன்னாலும் பொருள் விற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எதை எங்கே விற்கலாம்?

ஈபே இந்தியா தளம் 2018-ல் மூடப்பட்டுவிட்டது. இப்போது சைக்கிள், கட்டில், மிக்ஸி, செல்போன் போன்றவற்றுக்கு ஓ.எல்.எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளங்கள் இருக்கின்றன. இங்கே நடப்பது ஏலமல்ல, பேரம். 'கடைசி விலை என்ன?' என்றுதான் முதல் மெசேஜே வரும். அதனால் நீங்கள் எதிர்பார்க்கும் தொகையைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். இதற்குக் கீழே இறங்குவதில்லை என்று மனதுக்குள் ஒரு விலையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாணயம், தபால்தலை, இசைத்தட்டு போன்றவற்றுக்குச் சேகரிப்பாளர்களின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு. நாணயங்களுக்கும் தபால்தலைகளுக்கும் ஆன்லைனில் ஏலம் நடத்தும் நிறுவனங்களும் இருக்கின்றன. பொருளைக் கொடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: தொடக்க விலை எவ்வளவு, நீங்கள் சொல்லும் குறைந்தபட்ச விலை வராவிட்டால் பொருள் திரும்பக் கிடைக்குமா, கமிஷன் எத்தனை சதவிகிதம். தொடக்க விலை குறைவாக இருந்தால் நிறைய பேர் கேட்பார்கள். ஆனால், ஒருவர்தான் கேட்டார் என்றால் அந்த விலைக்கே கொடுக்க வேண்டிவரும். அதற்காகத்தான் குறைந்தபட்ச விலை.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

விற்கப்போகிறோமே என்று பழைய நாணயத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தால் மதிப்பு குறைந்துவிடும். காலப்போக்கில் படிந்த அந்த நிறத்தைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். தூசியைத் தட்டினால் போதும்.

போட்டோவைப் பகல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்பாக வைத்து எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கீறல் விழுந்த இடம் எல்லாம் தெரியட்டும். பின்னணியில் பீரோ, வீட்டு முகவரி, பிள்ளைகளின் முகம் வரவேண்டாம். வாங்கிய வருடம், அளவு, வேலை செய்கிறதா, பில் இருக்கிறதா என்பதையெல்லாம் எழுதிவிட்டால் பாதிக் கேள்விகள் வராது.

பழைய செல்போன் என்றால், தேவையானவற்றை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் வாங்க 'பின்' தேவையில்லை

விற்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, பணத்தை இப்போதே அனுப்புகிறேன்' என்று ஒருவர் பேசுவார். பேரம்கூடப் பேசமாட்டார். பிறகு ஒரு கியூ.ஆர் கோடை அனுப்பி, 'ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்' என்பார். போட்டால் பணம் வராது, போகும். யூ.பி.ஐ பின் என்பது பணம் அனுப்ப மட்டுமே. பணம் பெற எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் போனில் விற்கிறார்கள் என்றால் இதை அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள்.

'தவறுதலாக அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்பது இன்னொரு வகை. எஸ்.எம்.எஸ்ஸையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தபிறகே பொருளைக் கொடுங்கள். ஆட்கள் நடமாடும் இடத்தில், பகல் நேரத்தில், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு சந்திப்பது நல்லது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் செய்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

5 ரூபாய் நோட்டுக்கு லட்சங்களா?

'டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முன்பணமாக வரி மட்டும் கட்டுங்கள்' என்று யாராவது அழைத்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இதில் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தி ஏமாற்றியவர்களும் உண்டு. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்ட் மாதம் ரிசர்வ் வங்கியே மக்களை எச்சரித்தது. விற்பவர் முன்பணம் கட்டுகிற வியாபாரம் எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

நூறு ஆண்டுகளைக் கடந்த சிலை, ஓவியம், 75 ஆண்டுகளைக் கடந்த அரிய சுவடி போன்றவை 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருட்கள். இவற்றைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பதிவு செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. எனவே, தொல்லியல் துறையிடம் கேட்காமல் விற்பனைக்குப் போடாதீர்கள்.

பேர் வெட்டிய பாத்திரம்

விளம்பரம் போடுவதற்கு முன் வீட்டில் எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாட்டியின் பேர் வெட்டிய பித்தளைக் குடம் உங்களுக்கு இடத்தை அடைக்கும் பொருளாக இருக்கலாம். அத்தைக்கு அது அம்மா வீட்டிலிருந்து மிச்சமிருக்கும் ஒரே ஞாபகமாக இருக்கலாம். விற்ற பொருளைத் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது.

எல்லோரும் சரி என்ற பொருட்களில், போனாலும் மனது வலிக்காத ஒன்றை முதலில் எடுங்கள். பிள்ளையின் பழைய சைக்கிளே போதும். போட்டோ, விலை, பேரம், பணம் என்று ஒரு சுற்று வந்துவிட்டால் அடுத்த பொருளுக்குத் தயக்கம் இருக்காது.