பரண் ஆம்ப்ளிஃபயரில் ஆன்லைன் பாட்டு

2025 மார்ச் 9ஆம் தேதி உலகின் பல நாடுகளில், நேற்றுவரை பாடிக்கொண்டிருந்த ஹை-ஃபை செட்டுகள் திடீரென்று வாயடைத்துப்போயின. செட்டில் ஒரு பழுதும் இல்லை. அதன் பின்னால் செருகியிருந்த குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சின்ன வட்டுதான் போனோடு சேர மறுத்தது. கூகுள் 2015இல் 35 டாலருக்குக் கொண்டுவந்து, 2019 தொடக்கத்தில் விற்பனையை நிறுத்திய கருவி அது. தான் அசல் கருவிதான் என்று போனுக்குக் காட்ட அதற்குள் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. அதன் கெடு முடிந்துவிட்டது. காலாவதியான பஸ் பாஸோடு ஏறிய பயணியை இறக்கிவிடுவதுபோல, நல்ல நிலையில் இருந்த கருவியை போன் ஒதுக்கிவிட்டது. சில நாட்களில் கூகுள் மென்பொருளைத் திருத்தி அனுப்பியதும் மறுபடி பாட ஆரம்பித்தன. அந்த இடைவெளியில் அதே ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்டு போட்டுக் கேட்டவர்களுக்கு எந்தக் குறையும் இருந்திருக்காது.

பழைய செட்டில் ஸ்பாட்டிஃபையோ ஆப்பிள் மியூசிக்கோ கேட்க நினைப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய சங்கதி இதில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பராமரித்தால் நாற்பது வருடம் உழைக்கும். இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் பெட்டி, அதைச் செய்த நிறுவனம் கவனிக்கும் வரைக்கும்தான். அதனால் இருக்கிற செட்டைத் தள்ளிவிட்டு எல்லாம் உள்ளடங்கிய புது செட் வாங்குவதைவிட, ஒரு சின்ன ஸ்ட்ரீமரைத் தனியாக இணைப்பதே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. அது பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நம் ஊரில் இப்படிப்பட்ட செட்டுகளுக்குப் பஞ்சமில்லை. வளைகுடாவிலிருந்து வந்த அகாய், சான்சுய், கொல்கத்தாவில் 1970இல் தொடங்கிய சோனோடைன் என்று பலதும் ஷோகேஸிலும் பரணிலும் இருக்கின்றன. பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டுபோய் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, காலி கேசட்டில் பதிந்து வாங்கிக் கேட்ட தலைமுறையின் செட்டுகள். கேசட் போனதோடு இவையும் ஓய்ந்தன.

ஆனால் இவை இன்றைய கருவிகளோடு ஒத்துப்போகக் காரணம் எளிமையானது. ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையும் மின் சமிக்ஞையின் இயல்பு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய என்ஏடி 3020ஐ எடுத்துக்கொள்வோம். 1978இல் வந்தது, பெயரளவில் 20 வாட். பின்பக்கம் திருப்பினால் ஃபோனோ, டியூனர், ஆக்ஸ், டேப் என்று இரட்டை இரட்டையாக ஓட்டைகள். இதில் ஆக்ஸ் என்பது இன்ன கருவிக்கு என்று ஒதுக்காமல் விட்டுவைத்த வழி. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என ஸ்ட்ரீமரின் இரண்டு ஆர்சிஏ பின்களை அதில் செருகி, முன்பக்கம் ஆக்ஸைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு வரும். ஆக்ஸில் ஏற்கெனவே வேறு கருவி இருந்தால் டியூனரும் ஆகும், டேப்பும் ஆகும். டேப்பில் மட்டும் உள்ளே வருவது, வெளியே போவது என்று இரண்டு ஜோடி இருக்கும். உள்ளே வரும் ஜோடியில் செருகி, முன்னால் டேப் மானிட்டர் பொத்தானை அழுத்த வேண்டும். மாற்றிச் செருகினால் சத்தமே வராது.

தொடக்கூடாத இடம் ஃபோனோ. ரெக்கார்டு பிளேயரின் ஊசி தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. இசைத்தட்டில் பேஸ் ஒலியைக் குறைத்தும் மேல் ஒலியைத் தூக்கியும்தான் பதிந்திருப்பார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்யும் சர்க்யூட் ஃபோனோ வழிக்குள் இருக்கிறது. சாதாரணமாக 2.5 மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கும் அந்த வழியில் ஸ்ட்ரீமரின் 2 வோல்ட்டை விட்டால், அது எதிர்பார்ப்பதைப்போல 800 மடங்கு. பேஸ் பூதாகரமாகி, பாட்டு முழுக்க உடைந்துபோய், ஸ்பீக்கரும் கெட வாய்ப்புண்டு. பழைய பிலிப்ஸ், கிரண்டிக் செட்டுகளில் ஆர்சிஏ இருக்காது, ஐந்து பின் கொண்ட வட்டமான டின் சாக்கெட் இருக்கும். அதற்கு ஒரு மாற்று வயர் வேண்டும். வழக்கமான இணைப்பில் 3, 5 ஆகிய பின்கள் உள்ளே வரும் ஒலிக்கு, 2 தரைக்கு. கடையில் கிடைக்கும் எல்லா வயரும் அந்த முறையில் கட்டப்பட்டவை அல்ல. கேட்டு வாங்குங்கள்.

இனி எதை இணைப்பது? பலரும் முதலில் போவது புளூடூத் ரிசீவரிடம். மலிவு, வேலையும் சுலபம். ஆனால் அங்கே பாட்டு போன் வழியாகத்தான் வருகிறது. போனில் அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், வாட்ஸ்அப் மணி ஸ்பீக்கரில் ஒலிக்கும், போனோடு மாடிக்குப் போனால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். போதாததற்கு ஏற்கெனவே சுருக்கி வந்த பாட்டைக் காற்றில் அனுப்ப இன்னொரு முறை சுருக்குகிறார்கள். சிடியின் ஒலித் தரவு நொடிக்கு 1,411 கிலோபிட். எல்லாக் கருவிகளும் ஏற்கும் எஸ்பிசி முறையில் சுமார் 328 கிலோபிட்தான் போகும். சோனியின் எல்டிஏசி 990 வரை போகும், ஆனால் ஐபோனில் அது கிடையாது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலேயே இழப்பில்லாத ஒலியைக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. 2025 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபையும் பல நாடுகளில் அந்த வழிக்கு வந்தது. நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர் இதையெல்லாம் புளூடூத் குழாய்க்குள் பிதுக்கி அனுப்புவது வீண்.

வைஃபை ஸ்ட்ரீமர் வேலை செய்யும் விதம் வேறு. ஸ்பாட்டிஃபை கனெக்டில் நீங்கள் போனில் தேர்ந்தெடுக்கிறீர்கள். பாட்டை இணையத்திலிருந்து நேரே இழுப்பது அந்தப் பெட்டி. போன் வெறும் ரிமோட். அழைப்பு வந்தாலும் பாட்டு ஓடும், போனை அணைத்தாலும் ஓடும். சந்தையில் வீம், சோனோஸ், புளூசவுண்ட் என்று பல இருக்கின்றன. வாங்கும்முன் நீங்கள் தினமும் கேட்கும் சேவை அதில் ஓடுமா என்று பாருங்கள். உதாரணமாக யூடியூப் மியூசிக் கேட்பவருக்கு கூகுள் காஸ்ட் வசதி வேண்டும்: அது வீம் புரோவில் உண்டு, வீம் மினியில் இல்லை. கையால் செய்து பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் ராஸ்பெரி பை கணினிமேல் ஒரு ஒலி அட்டையைப் பொருத்தி, வோலுமியோ போன்ற மென்பொருளை ஏற்றிக்கொள்கிறார்கள். யாரோ ஒரு நிறுவனம் கைவிட்டாலும் ஓடக்கூடிய வழி அது. லாஜிடெக் 2012இல் நிறுத்திய ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகள் இன்றும் பாடுவது, அவற்றின் சர்வர் மென்பொருளைத் தன்னார்வலர்கள் தொடர்ந்து பராமரிப்பதால்தான்.

இணைத்ததும் ஒரு விஷயம் உறுத்தும். வால்யூம் குமிழை லேசாகத் திருப்பினாலே வீடு அதிரும். அந்தக் கால ஆம்ப்ளிஃபயர் முழு பலத்தில் பாட ஆக்ஸில் 150 முதல் 200 மில்லிவோல்ட் போதும். ஸ்ட்ரீமர் தருவது 2 வோல்ட். குமிழின் தொடக்கப் பகுதியில் இடது வலது சமமாக இருக்காது என்பதால் மெதுவாகக் கேட்கும்போது பாட்டு ஒரு பக்கமாகச் சாயும். ஸ்ட்ரீமர் செயலியில் வெளியீட்டைக் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள், இல்லையென்றால் அதன் வால்யூமைப் பாதிக்கு வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக்கொள்ளுங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் அது தூசி. கான்டாக்ட் கிளீனர் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

இணைத்த பிறகு 'ம்ம்ம்' என்று அடிநாதமாக இரைச்சல் கேட்டால், இரண்டு கருவிகள் வெவ்வேறு வழியாக எர்த்தில் சேர்கின்றன என்று சந்தேகிக்கலாம். சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பை இணைக்கும்போது இது அடிக்கடி வரும். சிலர் எர்த் பின்னை ஒடித்துவிடுவார்கள், உயிருக்கே ஆபத்து. வயருக்கு நடுவே கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்ற சிறு டிரான்ஸ்ஃபார்மர் போடுவதே சரியான வைத்தியம்.

இதற்கெல்லாம் காசு போடும்முன், மேஜை டிராயரில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில் ஹெட்போன் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் பின்னும் மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ பின்களும் உள்ள வயர் சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். சிம்மை எடுத்துவிட்டு, வைஃபையை மட்டும் போட்டு, அறிவிப்புகளை அணைத்து, ஆக்ஸில் இணையுங்கள். உங்கள் கணக்கிலேயே ஸ்பாட்டிஃபை திறந்திருந்தால், கையிலுள்ள போனின் கருவிப் பட்டியலில் பழைய போன் தெரியும். அங்கிருந்தே பாட்டை மாற்றலாம். ஒரு மாதம் இப்படிக் கேட்டுவிட்டு, செட்டும் ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு ஸ்ட்ரீமர் வாங்கலாம்.