படகில் பார்பிக்யூ: அணைந்த அடுப்பின் ஆபத்து

இங்கிலாந்தின் கால்வாய்களிலும் நார்ஃபோக் பகுதியின் பிராட்ஸ் நீர்ப்பரப்பிலும் கோடையில் வாடகைப் படகெடுத்துச் செல்வோர் பலர், இறைச்சியைக் கரித்தணலில் வாட்டும் பார்பிக்யூ அடுப்பையும் உடன் கொண்டுபோகின்றனர். அலுமினியத் தட்டில் கரியை நிரப்பி, மேலே கம்பிவலையைப் பொருத்தி, ஒரே முறை பயன்படுத்தி எறிவதற்கென்று விற்கப்படும் மலிவான அடுப்பு இவற்றுள் மிகவும் பழக்கமானது. அது கொழுந்துவிட்டு எரியும்போது குழந்தைகளை விலக்கிவைக்கவும் பக்கத்தில் வாளித் தண்ணீர் வைக்கவும் எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும் படகில் இவ்வடுப்பினால் உயிர்போகும் வாய்ப்பு மிகுவது, சமையல் முடிந்து, கரியின்மேல் சாம்பல் படர்ந்து, அடுப்பு அணைந்துவிட்டதென்று எல்லோரும் நம்பிய பிறகுதான்.

கரி முழுமையாக எரிய வேண்டிய அளவு ஆக்சிஜன் கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. நிறமும் மணமும் இல்லாத இவ்வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்வதால், மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜன் இன்றி வாடத் தொடங்குகிறது. புகை அடங்கிவிட்டதால் ஆபத்தும் அடங்கிவிட்டதென்று கருதுவது தவறு. நீறு பூத்த நெருப்பு புகையே இல்லாமல் பல மணி நேரம் இவ்வாயுவை வெளிவிடக்கூடியது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், மனக்குழப்பம் ஆகிய தொடக்க அறிகுறிகள் படகில் இருப்பவர்களை எளிதில் ஏமாற்றிவிடுகின்றன; வெயில், மது, அலையின் ஆட்டம் என்று அவற்றுக்கு வேறு காரணம் கற்பிக்க அங்கே இடமுண்டு. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் இவ்வாறு துன்புறுவதும், வெளியே வந்ததும் தெளிவதும் இவ்வாயுவையே சுட்டுகின்றன.

தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் கரியிட்ட கும்மட்டி அடுப்பு முற்றத்தில் எரிந்தது. அங்கே தலைக்குமேல் வானம் இருந்தது. கால்வாய்களில் ஓடும் நெடும்படகின் அகலமோ ஏறத்தாழ ஏழே அடி. மழை வந்தாலோ மாலைக்குளிர் இறங்கினாலோ பின்தளத்தைத் துணிக்கூரையால் மூடிவிடுவது வழக்கமாதலால், திறந்தவெளி என்று எண்ணிய இடம் சில நிமிடங்களில் அறையாகிவிடுகிறது. அப்போது அடுப்பை மழையில் விட மனமின்றி உள்ளே இழுப்பதும், மிச்சச் சூட்டில் குளிர்காயலாமே என்று படுக்கையறை வாசலில் வைப்பதும் கொலைக்கு ஒப்பான கவனக்குறைவாகும். கரையில் வைத்தாலும் காற்றின் போக்கைக் கவனிக்க வேண்டும். கட்டிய படகின் திறந்த சன்னலோரம் எரியும் கரி, அதில் உறங்குபவரையும் பக்கத்துப் படகில் உறங்குபவரையும் ஒருங்கே தாக்கவல்லது.

2013 ஏப்ரல் 1 அன்று வின்டர்மியர் ஏரியில் ‘ஆர்னிஸ்டன்’ என்னும் படகில் ஒரு தாயும் மகளும் இவ்வாயுவால் இறந்தனர். 2016 ஜூனில் நார்ஃபோக்கின் ராக்ஸம் பகுதியில் ‘லவ் ஃபார் லிடியா’ என்னும் படகில் இருவர் மாண்டனர். முன்னதில் எடுத்துச்செல்லத்தக்க மின்னாக்கியும் பின்னதில் பெட்ரோல் இயந்திரமுமே வாயுவின் மூலங்கள், பார்பிக்யூ அன்று. ஆயினும் படகறையின் சிறுமை எவ்வளவு விரைவில் உயிரை வாங்கும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று. 2019 ஏப்ரல் 1 முதல், தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும் என்று படகுப் பாதுகாப்புத் திட்டம் கட்டாயமாக்கியது. படகுகளைப் பரிசோதித்து நான்காண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழ் வழங்கும் பொது ஏற்பாடே இத்திட்டம்.

இக்கருவியையும் அளவறிந்தே நம்ப வேண்டும். காற்றின் பத்து லட்சம் பங்கில் இவ்வாயு 300 பங்கை எட்டினால் மூன்று நிமிடங்களுக்குள் ஒலிக்க வேண்டும் என்றும், 50 பங்கானால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள் ஒலித்தால் போதும் என்றும் ஐரோப்பியத் தர விதி வகுத்துள்ளது. ஆகவே கருவி ஒலிக்கவில்லை என்பது காற்று தூயது என்பதற்குச் சான்றாகாது. வாங்கும்போது இ.என். 50291-2 என்ற எண்ணைப் பார்த்து வாங்குவது நலம். ஆட்டமும் ஈரமும் மிக்க படகுகளையும் கேரவன்களையும் கருதி வகுக்கப்பட்ட பிரிவு அதுவே.

எரிவாயுவால் இயங்கும் பார்பிக்யூவில் கரியின் தொல்லை இல்லை என்று ஆறுதல் கொள்வோர், வேறொரு தொல்லையை விலைக்கு வாங்குகின்றனர். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் கனமானவை. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம், படகில் கசிந்தாலோ பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். காற்றில் இரண்டு விழுக்காடு கலந்தாலே வெடிக்கும் தன்மை அடைகிறது. ஆகவே சிலிண்டரும் உதிரிக் குப்பிகளும், கசிவு படகுக்கு வெளியே வடியும்படி அடியில் துளையுள்ள தனிப் பெட்டகத்திலோ, அவ்வாறு வடியும் திறந்த தளத்திலோதான் இருக்க வேண்டும். இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை, தீக்குச்சி அன்று.

கண்ணாடியிழைப் படகு தீப்பிடித்தால் நச்சுப்புகையுடன் விரைந்து எரியும் என்பதால், கரி அடுப்பைப் படகில் ஏற்றாமல் கரையில், படகிலிருந்தும் மரமேடையிலிருந்தும் விலக்கி வைப்பதே அறிவுடைமை. முடிந்ததும் தண்ணீரை நிறைய ஊற்றி, கரியைக் கிளறி, மீண்டும் ஊற்றி, கை வைத்தால் குளிர்ந்திருக்கும் வரை வெளியிலேயே விட வேண்டும்.

உரிமைகளைப் பொறுத்தவரை, வாடகைப் படகு தரமானதாகவும் நோக்கத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்பதை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உறுதிசெய்கிறது. வாடகைக்கு விடப்படும் படகிலும், முதன்மையாகக் குடியிருக்கும் படகிலும் எரிவாயு வேலைகளை ‘கேஸ் சேஃப்’ பதிவுபெற்ற தொழில்நுட்பர் மட்டுமே செய்யலாம். அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. உயிரிழப்புக்கோ காயத்துக்கோ தாங்கள் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருந்தாலும், நிறுவனத்தின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால் அவ்வாசகம் செல்லாது. அதே வேளையில், ஒப்பந்தம் பார்பிக்யூவைத் தடைசெய்திருக்கப் பயணி அதை மீறிக் கொளுத்தினால், இழப்பீட்டில் தம் தவற்றுக்குரிய பங்கை அவர் இழக்க நேரும். படகின் சான்றிதழும் அவருக்குக் கைகொடுக்காது. பரிசோதனை நாளில் படகில் இருந்தவற்றுக்கே அது பொருந்தும், கடையிலிருந்து அவர் தூக்கிவந்த அடுப்புக்கு அன்று.

பாதிப்பு நேர்ந்தால் அனைவரும் வெளிக்காற்றுக்கு வந்து 999 எண்ணை அழைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு என்ற ஐயத்தை மருத்துவக் குழுவிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் உடலில் இவ்வாயுவின் அளவு நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். மருத்துவர் தரும் தூய ஆக்சிஜனில் இன்னும் விரைவாகக் குறையும். காலம் தாழ்த்தி எடுக்கும் இரத்தப் பரிசோதனை நோயாளி நலமாக இருப்பதாகவே காட்டக்கூடும். காலம் தாழ்த்தாமல் இரத்தப் பரிசோதனை எடுப்பது சட்டத்தின் கண்ணிலும் முக்கியமானது. பிரித்தானிய அரசின் கடல்விபத்து ஆய்வுக் கிளை உள்நாட்டு நீர்வழி விபத்துகளையும் ஆராய்ந்தாலும், அதன் அறிக்கை காரணத்தைக் கண்டறிவதற்கானதே அன்றிப் பழி சுமத்துவதற்கானது அன்று. பொறுப்பை நிர்ணயிக்கும் வழக்கில் அதைச் சான்றாக வைக்கவும் பொதுவாக இயலாது. எனவே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக மூன்றாண்டுகளுக்குள் தொடுக்க வேண்டிய இழப்பீட்டு வழக்குக்கு, முதல் சில மணி நேரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவும், படகறையின் ஒளிப்படங்களும், கழற்றி எறியாமல் காத்துவைத்த எச்சரிக்கைக் கருவியுமே பாதிக்கப்பட்டவரின் கையிலுள்ள சான்றுகள்.