ஏதேன் கதையின் எபிரேயச் சொற்களும் தமிழும்

ஆதியாகமத்தின் 2, 3ஆம் அதிகாரங்களில் வரும் ஏதேன் தோட்டக் கதை எபிரேயச் சொல்நயத்தால் பின்னப்பட்டது. அக்கதை தமிழில் அச்சேறிய ஊர் காவிரி கடலில் கலக்கும் பகுதியை அடுத்த தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டேனியருக்கு விட்ட அவ்வூருக்கு, ஜெர்மானிய மிஷனரியான சீகன்பால்க் 1706இல் வந்தார். புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அவர், பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்து 1719இல் மறைந்தார். எஞ்சியதை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே முடித்தார். அச்சுப்பணி 1728இல் நிறைவுற்றது. பின்னர் மற்றொரு மிஷனரியான பப்ரிசியுஸ் முழு வேதாகமத்தையும் புதிதாக மொழிபெயர்த்தார். புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்று பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு அந்த மரபில் வந்ததே.

எபிரேயத்தில் ‘ஆதாம்’ என்றால் மனிதன். ‘அதாமா’ என்றால் நிலம். மண்ணால் ஆனவன் மண்ணுக்கே திரும்புவான் என்ற கருத்து அந்த ஓசை உறவிலேயே அடங்கியுள்ளது. மண், மனுஷன் என்ற தமிழ்ச் சொற்கள் காதுக்கு நெருங்கி ஒலித்தாலும் அவற்றுக்கு வேர் உறவு இல்லை. ‘ஈஷ்’, ‘இஷ்ஷா’ என்ற ஆண், பெண் இணைக்கு மனுஷன், மனுஷி என்பது நேராகப் பொருந்துகிறது.

மனிதனுக்குத் தரப்பட்ட வேலையைக் குறிக்கும் ‘ஆபத்’ என்ற வினை, நிலத்தில் உழைப்பதையும் பணிவிடை செய்வதையும் இறைவழிபாட்டையும் சுட்டும். தமிழில் வரும் ‘பண்படுத்த’ என்பது உழவைத் தெளிவாகக் காட்டுகிறது; வழிபாட்டுப் பொருள் அதில் இல்லை.

பெண்ணைக் குறிக்க வரும் ‘ஏசெர்’ என்பதற்குத் துணை என்று பொருள். கடவுள் மனிதருக்குச் செய்யும் உதவியையும் சங்கீதங்கள் இதே சொல்லால் குறிப்பதால், பெண் தாழ்ந்தவள் என்று இதிலிருந்து பொருள் கொள்ள இடமில்லை. ‘ஏற்ற துணை’ என்ற தமிழ் இதை நன்கு காக்கிறது. பெண் உருவான ‘சேலா’ என்பது பிற இடங்களில் பெரும்பாலும் பக்கம் என்ற பொருளில் வருகிறது. தமிழில் அது விலா எலும்பாயிற்று.

அடுத்தடுத்த வசனங்களில் மனிதரின் நிர்வாணமும் பாம்பின் தந்திரமும் ‘ஆரூம்’ என்ற ஒரே ஓசையால் இணைகின்றன. தமிழில் இந்த இணைப்பு அறுந்துபோகிறது. மாறாக, 3:15இல் பாம்பின் தலைக்கும் பெண்ணின் சந்ததியின் குதிங்காலுக்கும் எபிரேயம் ஒரே வினையை ஆள்வதுபோல, தமிழும் ‘நசுக்கு’ என்பதையே இருமுறை வைக்கிறது.

விலக்கப்பட்ட கனியின் பெயரை மூலம் சொல்லவில்லை. லத்தீனில் ‘மாலும்’ என்ற சொல் ஆப்பிளையும் தீமையையும் குறித்ததும் ஆப்பிள் என்ற எண்ணம் மேற்கில் வேரூன்ற உதவியது. தமிழ் வேதாகமம் ‘கனி’ என்று மட்டும் சொல்லி மூலத்தோடு நிற்கிறது.