மோட்டார் சைக்கிளின் மூக்கு

மனிதன் உணவின்றிச் சில நாட்கள் வாழ்தல் கூடும். மூச்சின்றிச் சில நிமிடங்களுக்குமேல் வாழ்தல் இயலாது. பெட்ரோலால் ஓடும் எஞ்சினும் அத்தகையதே. பெட்ரோல் எரிவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றுத் தேவை. ஒரு மனிதன் ஒரு நாள் முழுவதும் உள்ளிழுக்கும் காற்றும் ஏறக்குறைய இவ்வளவே. எஞ்சினின் மூச்சு எத்துணைப் பெரிது என்பது இதனால் விளங்கும்.

சாலையிற் செல்லும் வண்டி இழுக்கும் காற்றில் மண்ணும் கரியும் கலந்திருக்கும். நம் மூக்கிலுள்ள மயிரும் ஈரமும் தூசியைத் தடுப்பதுபோல, மோட்டார் சைக்கிளில் அவ்வேலையைச் செய்வது காற்று வடிகட்டியாகும். பட்டறைகளில் இதனை ஏர் பில்டர் என்பர். பெரும்பாலும் இது இருக்கைக்குக் கீழோ பக்க மூடியின் உள்ளோ ஒரு பெட்டியில் அமைந்திருக்கும்.

வடிகட்டி கிழிந்தால் நேரும் தீங்கு யாது? மணலில் மிகுந்துள்ள குவார்ட்சு இரும்பையும் கீறும் வன்மையுடையது. அத்துகள் பிஸ்டனுக்கும் சிலிண்டரின் சுவருக்கும் இடையே புகுந்து அரம்போல் தேய்க்கும். வடிகட்டி அடைபட்டாலோ, காற்றுக் குறையும். வண்டியின் இழுவை தளரும். கார்புரேட்டர் உள்ள வண்டியில் பெட்ரோல் வீணாகிக் கரும்புகை எழும். ஆதலால், வடிகட்டியை அவ்வப்போது துப்புரவு செய்தல் இன்றியமையாதது.

வடிகட்டிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. எனவே, வண்டியுடன் தரப்படும் கையேட்டை முதலிற் படித்தல் வேண்டும். உலர்ந்த காகிதத்தால் ஆனதை நீரில் நனைத்தல் ஆகாது. திறந்த வெளியில், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்கலாம். எண்ணெய் ஊட்டிய காகித வடிகட்டியைத் துப்புரவு செய்தல் இயலாது; அழுக்கேறியபின் புதிது மாற்றுவதே முறை. நுரைப்பஞ்சால் ஆன வடிகட்டி கழுவுவதற்கு உரியது.

இப்பஞ்சைப் பெட்ரோலில் அலசும் வழக்கம் சிலரிடம் உண்டு. அழுக்கு விரைவில் நீங்குவது உண்மையே. ஆயினும், அதனினும் கொடிய செயல் வேறில்லை. உறைபனியின் குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும். நம் நாட்டு வெயிலில் சொல்லவும் வேண்டுமோ? அவ்வாவி காற்றினும் கனமானது. அது மேலே எழுந்து கலைந்து போகாமல், கண்ணுக்குப் புலப்படாது தரையில் தவழ்ந்து அடுத்த அறைக்கும் செல்லும். அங்கே எரியும் அடுப்போ, விளக்கோ, மின்விசையில் தோன்றும் சிறு பொறியோ அதனைப் பற்றவைத்தல் கூடும். தீ வந்த வழியே திரும்பி, பெட்ரோல் உள்ள பாத்திரத்தை அடையும். கழுவுபவர் விலகுவதற்கும் நேரம் இராது. மண்ணெண்ணெய் சற்றுத் தாமதித்துப் பற்றும். எனினும் அதுவும் எரிபொருளே. இவ்விரண்டும் இன்றியே பஞ்சைத் தூய்மை செய்யலாம்.

அதன் முறை எளிது. எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்தபின் மூடியைக் கழற்றிப் பஞ்சை எடுக்க வேண்டும். எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் துளையைத் தூய துணியால் அடைத்து, பெட்டியின் உள்ளே ஒட்டியுள்ள தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பின்பு, வெதுவெதுப்பான நீரில் சோப்பைக் கரைத்து, அதில் பஞ்சை அமுக்கி அமுக்கி அலச வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு கிழியும். நல்ல நீரில் மீண்டும் அலசி, நிழலில் முற்றும் உலர்த்த வேண்டும், நெருப்பருகே காய்ச்சலாகாது. உலர்ந்தபின், கையேடு கூறும் எண்ணெயைச் சிறிது ஊட்டி, மிகுதியை அமுக்கி நீக்க வேண்டும். தூசியைப் பற்றி நிறுத்துவது இவ்வெண்ணெயே. துளையை அடைத்த துணியை மறவாது எடுத்துவிட்டு, விளிம்பில் இடைவெளி இன்றிப் பஞ்சைப் பொருத்துதல் வேண்டும். எஞ்சிய அழுக்கு நீரைக் கிணற்றருகே கொட்டலாகாது.

பழுதுற்ற வடிகட்டியைச் சிறு செலவில் மாற்றிவிடலாம். தீயால் வெந்த கையை அவ்வாறு மாற்றுதல் இயலுமோ? எஞ்சினைப் பேணுவோர் அதற்குமுன் தம்மைப் பேணுதலே அறிவுடைமையாகும்.