எந்தப் பிள்ளைக்கு எந்த நூல்?

மாணவச் செல்வங்களே,

ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னர், என்னைக் காண வருவோருள் பலர் ஒரே வேண்டுகோளைத்தான் விடுக்கின்றனர்: "ஐயா, எங்கள் பிள்ளைக்கு நல்ல நூல் ஒன்று சொல்லுங்கள்." கேட்பது எளிது, விடை சொல்வதுதான் அரிது. மருத்துவரிடம் சென்று, "நல்ல மருந்து ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? "யாருக்கு? வயது என்ன?" என்று அல்லவா வினவுவார்! நானும் ஒரு காலத்தில், "பிள்ளைக்கு வயது என்ன?" என்று வினவி, அதற்கேற்ற நூலைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த ஒரு வினா போதாது என்பதை ஒரு சிறுவன் எனக்குக் கற்பித்தான். முதலில் அதைக் கூறிவிட்டு, இந்நாளில் இளையோர்க்கென வந்துள்ள நூல்களைப் பற்றிப் பேசுகிறேன்.

சற்றேறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன், வாலாஜாபாத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு ஆசிரியனாக இருந்தேன். அவ்வகுப்பில் ஒரு சிறுவன். பெற்றோர் செங்கற்சூளையில் வேலை செய்பவர்கள். சூளை மாறும்போதெல்லாம் அவன் பள்ளியும் மாறியது; இடையிடையே பள்ளியே இல்லாமலும் போயிற்று. எழுத்துகளைத் தனித்தனியே சொல்வான். கூட்டிப் படிக்க வராது. "எளியதிலிருந்து அரியதற்கு, அறிந்ததிலிருந்து அறியாததற்கு" என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்த விதி. அவ்விதியை நம்பி, முதல் வகுப்புப் பாடநூல் ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன். அம்மா, ஆடு, இலை என்று தொடங்கும் நூல். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் அந்நூலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை அவன் வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தேன். லாரிப் பட்டறை ஒன்றில் கையாளாகச் சேர்ந்துவிட்டான் என்றார் அவன் தாய். உள்ளே சென்று அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து, "இதை உங்ககிட்ட கொடுத்துடச் சொன்னான் சார்" என்று என்னிடம் நீட்டினார். அட்டை கசங்காமல் இருந்தது.

என் பிழை யாது? அவனுக்கு வயது ஒன்றன்று, இரண்டு என்பதை நான் அறியாததே பிழை. படிப்பின் வயது ஆறு. உள்ளத்தின் வயது பதின்மூன்று. சூளையில் கல் எண்ணியவன், தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவன், பெற்றோரின் கடனை அறிந்தவன் அவன். நான் கொடுத்த நூல் முதல் வயதுக்குப் பொருந்தியது. இரண்டாம் வயதை இழிவு செய்தது. ஒரு நூலைத் தேரும்போது இவ்விரு வயதையும் கருத வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

இனி, நூல்களைக் காண்போம். பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைக்கென்று தனி நூல் அமைந்தது ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றளவில்தான். பொருள் பிறகு விளங்கும் என்று முதலில் நெட்டுருச் செய்வித்தார்கள். பிள்ளையின் விளையாட்டையும் வியப்பையும் பாடும் நூல்கள் இருபதாம் நூற்றாண்டில்தான் பெருகின. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை வழிகாட்டினார். வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்காகப் பாடிய அழ. வள்ளியப்பா, 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தார். 1947-இல் அம்புலிமாமா பிறந்தது. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

அம்புலிமாமா இன்று வெளிவருவதில்லை. என் சிறு வயதில் தந்தையார் காஞ்சிபுரம் சென்று திரும்பும்போது அதனை வாங்கி வருவார். வேதாளம் முருங்கை மரம் ஏறும் கதையை நான் உரக்கப் படிப்பேன்; தெருப் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்து கேட்பார்கள். அவர்களுள் சிலருக்குப் படிக்கத் தெரியாது. படிப்பின் வயது எட்டாத இடத்துக்கும் உள்ளத்தின் வயது செல்லும். அதற்குப் படித்துக் காட்டும் ஒரு குரல் வேண்டும். இதனை அன்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

முதற்படி, மூன்று முதல் ஐந்து வயது. இப்பருவத்துக்கு உரியது படநூல். இதில் படம் கதைக்கு அணி அன்று. படமே கதையின் பாதி. "பூனை எங்கே?" என்று எழுத்து கேட்கும், கட்டிலின் கீழ் வால் மட்டும் தெரியும்படி படம் விடை சொல்லும். எழுத்தறியாத குழந்தையும் அங்கே வாசகராகிவிடுகிறது. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூளிகா பதிப்பகம் இத்தகைய படநூல்களைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் அளித்து வருகிறது.

இரண்டாம் படி, ஆறு முதல் எட்டு வயது. ஏணியில் மிகக் கடினமான படி இதுவே. இங்கு வழுக்கியவர்களே பிறகு எட்டாம் வகுப்பில் புத்தகத்தைச் சட்டைக்குள் மறைப்பவர்கள். காரணம் கேளுங்கள். நம் எழுத்துகள் 247. அவற்றுள் 216 உயிர்மெய். கொம்பும் காலும் சுழியும் இடம் மாறினால் ஒலி மாறும். எழுத்தைக் கடந்தால் சொல் நிற்கிறது. "வந்துகொண்டிருந்தார்கள்" என்பது நமக்கு ஒரே சொல். புதிதாகப் படிக்கும் குழந்தைக்கோ அது ஒரு நெடுஞ்சாலை. கடைசி எழுத்தை அடைவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். அதனையும் கடந்தால், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. குழந்தை அறிந்தது "மழை வருது". நூலில் இருப்பது "மழை வருகிறது". தன் சொந்த மொழியே அயலார் உடை உடுத்து வந்து நிற்பது போல் அதற்குத் தோன்றுகிறது.

ஆகவே, இப்பருவத்து நூலில் சொற்கள் சிறியனவாக இருத்தல் வேண்டும். சந்தி சேர்ந்து சொல்லை நீட்டக் கூடாது. ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வருதல் நன்று. பொருள் மட்டும் சிறுத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் டாக்டர் சூஸ் என்பார், 236 வெவ்வேறு சொற்களை மட்டும் கையாண்டு, தொப்பி அணிந்த பூனை ஒன்றின் குறும்புகளை 1957-இல் ஒரு முழு நூலாக்கினார். பள்ளித் தொடக்க நூல்கள் பிள்ளைகளைச் சலிப்படையச் செய்கின்றன என்ற குறைபாடு எழுந்த காலம் அது. சொல்லைச் சுருக்கியும் சுவையைப் பெருக்கலாம் என்பதை அந்நூல் காட்டிற்று.

நம் நாட்டிலும் அத்தகைய முயற்சி நடைபெறுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென மெல்லிய கதை நூல்களை அச்சிட்டது. அவற்றுக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பெயரில்லை. நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளே உண்டு. இப்பெயர்களைக் கண்டபோது நான் அந்தச் சிறுவனை நினைத்துக்கொண்டேன். "நுழை" என்ற நூலைக் கையில் வைத்திருக்கும் பதின்மூன்று வயதினனைப் பார்த்து எவரும் "ஒன்றாம் வகுப்பு" என்று நகைக்க இயலாது. வகுப்பின் எண்ணை அட்டையிலிருந்து நீக்கியது சிறு செயல்போல் தோன்றலாம். ஒரு பிள்ளையின் மானத்தைக் காக்கும் செயல் அது.

மூன்றாம் படி, ஒன்பது முதல் பன்னிரண்டு வயது. படிப்பு இப்போது ஓட்டமாகிறது. இப்பருவத்தில் தரத்தைவிட அளவு பெரிது என்று நான் துணிந்து சொல்வேன். சிரிப்புக் கதையோ, மந்திரக் கதையோ, விலங்குக் கதையோ, எதை வேண்டுமாயினும் படிக்கட்டும். 1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியின் சாகசங்களை வகுப்பில் பறிமுதல் செய்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தே வாசகரானோர் பலர் என்பதைப் பிற்காலத்தில் உணர்ந்தேன். கதையன்றிச் செய்திகளை விரும்பும் பிள்ளைகளும் உண்டு; வானம், வண்டு, இயந்திரம் பற்றிய நூல்களை அவர்களுக்குத் தாருங்கள்.

நான்காம் படி உங்களுடையது, பதின்மூன்றிலிருந்து பதினெட்டு. நீங்கள் குழந்தைகளும் அல்லீர், முதியோரும் அல்லீர். முன்னாளில் இப்பருவத்தினர் சிறுவர் இதழிலிருந்து ஒரே தாவாகப் பெரியோர் நாவலுக்குத் தாவ நேர்ந்தது. இன்று இடையில் ஒரு பாலம் எழுகிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென பால சாகித்திய விருது வழங்கி வருகிறது. தமிழில் அவ்விருது பெற்றவற்றுள் மூன்றைச் சொல்கிறேன். 2020-இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', தன் உடலின் பாதுகாப்பைப் பற்றி வாய்திறக்க ஒரு சிறுமிக்குத் துணிவு தருவது. 2023-இல் விருது பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', சிறுவன் ஒருவனைக் கீழடியின் தொல்காலத்துக்கு அழைத்துச் செல்வது. 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' அவ்விருதைப் பெற்றது. இவற்றுக்கு முன்பே, ஆசிரியரான இரா. நடராசன் 'ஆயிஷா' என்ற சிறு நூலை எழுதினார். கேள்வி கேட்ட மாணவியை ஒரு பள்ளி எவ்வாறு இழந்தது என்பதே அதன் கதை. அளவில் சிறியது, அதனை நான் தலைமையாசிரியனாக இருந்தபோது படித்துவிட்டு, மறுநாள் வகுப்புக்குள் நுழையத் தயங்கினேன். ஜப்பானிய மொழியில் 1981-இல் வெளிவந்த 'டோட்டோ-சான்' தமிழிலும் கிடைக்கிறது. பள்ளி ஒன்று விலக்கிய சிறுமியை மற்றொரு பள்ளி எவ்வாறு ஏற்றது என்பதை அதில் காணலாம்.

எங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு தேவையும் உண்டு. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் எழுந்த பின்னர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பங்கள் வந்து தங்குகின்றன. அவர்களுடைய பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் கேட்கின்றனர். இவர்களுக்கு இருமொழி நூல் வேண்டும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணையத் தளத்தில் ஒரே படக்கதை தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் விலையின்றிக் கிடைக்கிறது.

சனிக்கிழமைகளில் நான் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளோடு அமர்வதுண்டு. சென்ற ஆண்டு ஒடிசாச் சிறுமி ஒருத்தி வந்தாள், வயது பன்னிரண்டிருக்கும், தமிழ் எழுத்துகளில் பாதி தெரியும். இம்முறை நான் அவசரப்படவில்லை. அவள் கையில் நூலைத் திணிக்காமல், "உன் தம்பிக்குப் படித்துக் காட்ட ஒரு கதை எடுத்துக்கொள்" என்றேன். அவள் மிக எளிய நூலை நாணமின்றித் தேர்ந்தெடுத்தாள். தம்பிக்காகப் படித்தாள், தனக்காகக் கற்றாள். ஒரு தலைமுறைக் காலம் தாழ்ந்து நான் கற்ற பாடம் அது.

எங்கள் பகுதியில் நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில்தான், 1956-இல், பள்ளிகளில் பகலுணவுத் திட்டம் பரவியது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நாடு அன்று ஒப்புக்கொண்டது. நூலும் ஒருவகை உணவே. சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராகத் தொடங்கி, நூலகவியலுக்கே தந்தையான எஸ். ஆர். இரங்கநாதன், 1931-இல் ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பன அவற்றுள் இரண்டு. அவருடைய முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது. சட்டம் நூலகத்தைத் திறக்கும். நூலை எடுத்து உரிய பிள்ளையின் கையில் வைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள சிறுவனுக்கோ சிறுமிக்கோ நாள்தோறும் கால் மணி நேரம் படித்துக் காட்டுங்கள். முடிந்ததும், "இக்கதையின் நீதி யாது?" என்று தேர்வு வைக்காதீர்கள். படிக்கத் தடுமாறும் பெரிய பிள்ளையைக் கண்டால், நூலைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அவனோடு பேசுங்கள். அவன் எதை அறிவான், எதைக் கண்டு வியப்பான் என்று கேளுங்கள். அவன் திருப்பிக் கொடுத்தனுப்பாத ஒரு நூலை அப்போது உங்களால் தேர்ந்தெடுக்க முடியும்.