வாடகைக்கு விட வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸுக்கு முன்னாடி போனை எடுங்க!

"மாசம் பிறந்தா வாடகை வந்துடும் சார். இஎம்ஐ-யை அதுவே கட்டிடும்." தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் இந்த வார்த்தையை நம்பித்தான் பலர் ஓய்வுக்காலப் பணத்தை வீட்டில் போடுகிறார்கள்.

என் நண்பனின் அப்பாவும் அப்படித்தான் கிளம்பினார். தாம்பரத்துக்கு அப்பால் இரண்டு படுக்கையறை கொண்ட பழைய ஃபிளாட். விலை 45 லட்சம். கையில் இருப்பதில் 15 லட்சம், மீதி 30 லட்சத்துக்கு மகன் பெயரில் வங்கிக் கடன். "நாளைக்கே 2 லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கேக்கறாங்க. என்ன தம்பி சொல்றே?" என்றார். அன்று மாலை நாங்கள் மூவரும் ஒரு நோட்டையும் ஒரு போனையும் வைத்துக்கொண்டு பார்த்த விஷயங்களைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறோம். உங்களுக்கும் உதவும்.

முதலில் கணக்கு

வீட்டின் விலை 45 லட்சம் என்றால் செலவு அதோடு முடிவதில்லை. கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9 சதவீதம், அதாவது 4,05,000 ரூபாய். ஆக 49,05,000 ரூபாய். தரகுக் கமிஷன், வக்கீல் கட்டணம், பெயின்ட் செலவு எல்லாம் இதில் சேராது.

வாடகை மாதம் 14,000 என்று வைப்போம். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் வருடத்தில் ஒரு மாதம் வீடு சும்மா இருக்கலாம். எனவே 11 மாதக் கணக்குதான் போடணும்: 1,54,000 ரூபாய். சொத்து வரி 5,000, மோட்டார், குழாய், பெயின்ட் வகையில் 15,000 என்று கழித்தால் கையில் நிற்பது 1,34,000. போட்ட பணத்தில் இது 3 சதவீதம்கூட இல்லை.

இப்போ கடன் பக்கம். 30 லட்சம், 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். வருடத்துக்கு 3,12,000. வாடகை வருமானம் போக, மகன் சம்பளத்திலிருந்து மாதம் சுமார் 15,000 ரூபாய் போட வேண்டியிருக்கும். "அதுவே கட்டிடும்" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அப்போ வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. பிற்காலத்தில் தாங்களே குடியேறலாம், விலையும் ஏறலாம். ஆனால் விலை ஏறும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்த 15,000 ரூபாயை மாதாமாதம் தாங்க முடியுமா என்பதைத்தான் முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசணும்.

யார் குடி வருவார்கள்?

வாடகை எவ்வளவு வரும் என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். அதே தெருவில் குடியிருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பார்க்காமல், வேலை நாள் மாலையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், பள்ளி எவ்வளவு தூரம்? கோடையில் தண்ணீர் லாரி வாங்குகிறார்களா? 2015, 2023 டிசம்பர் மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது? எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் சுவரில் கைவைத்தே காட்டிவிடுவார்.

போனிலேயே பார்க்க வேண்டிய பதிவுகள்

வில்லங்கச் சான்று: பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டின் மேல் அடமானம் அல்லது உரிமை ஆவண ஒப்படைப்பு என்று ஒரு பதிவு இருந்தால், அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவும் பின்னால் இருக்கணும். ரசீது இல்லை என்றால் கடன் இன்னும் இருக்கலாம். இன்னொன்று, பதிவு செய்யாத ஒப்பந்தங்கள் வில்லங்கச் சான்றில் வராது. அதனால் அசல் பத்திரங்களை நேரில் பார்ப்பதும், வக்கீலிடம் காட்டுவதும் அவசியம்.

பட்டா: வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணைய சேவையில் பட்டா விவரத்தைப் பார்க்கலாம். ஃபிளாட் என்றால் நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் பழசாகும். நிலத்தின் பங்குதான் நிற்கும்.

வழிகாட்டி மதிப்பு: இதுவும் டிஎன்ரெஜிநெட்டிலேயே இருக்கிறது. பதிவுச் செலவை முன்கூட்டியே கணக்குப் போட உதவும்.

புதுக் கட்டடமா? மனைப் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 வீடுகளுக்கு மேல் இருந்தால் அந்தத் திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை விளம்பரத்தில் பார்த்ததோடு விடாமல் ஆணையத்தின் இணையதளத்திலும் சரிபாருங்கள். இத்தகைய திட்டங்களில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் வாங்கக் கூடாது.

குடி வைக்கும்போது

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். "11 மாசம்தானே, எதுக்குப் பதிவு?" என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. இதற்கென்று தனி இணையதளம் இருக்கிறது. பதிவானதும் உங்கள் ஒப்பந்தத்துக்கு ஒரு எண் கிடைக்கும்.

வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்தப் பணம் உங்களுடையது அல்ல. அதைச் செலவு செய்துவிட்டு, காலி பண்ணும்போது திருப்பித் தரத் திணறுபவர்கள் நிறைய பேர். தனி வைப்பு நிதியாகப் போட்டு வையுங்கள்.

வாடகை பாக்கி வைத்தால் கோபத்தில் தண்ணீர் அல்லது மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். சட்டம் அதைத் தடை செய்கிறது. வாடகை நீதிமன்றம்தான் வழி. பதிவான ஒப்பந்தமும், வங்கி வழியாக வந்த வாடகைக் கணக்கும் இருந்தால் அங்கே உங்கள் வேலை எளிது.

வரியையும் மறக்காதீங்க

வாடகை வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவு கிடைக்கும். அதற்குத் தனியாக பில் காட்டத் தேவையில்லை. வீட்டின் விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

சரி, நண்பனின் அப்பா என்ன செய்தார்?

வில்லங்கச் சான்றைத் திறந்து பார்த்தபோது 2012-இல் ஒரு அடமானப் பதிவு இருந்தது. ரசீது எங்கேயும் இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு சார்" என்றார். "முடிஞ்சிருந்தா நல்லதுங்க. ரசீதைப் பதிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, அன்னைக்கே அட்வான்ஸ் தர்றேன்" என்று இவரும் பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்தார். மூன்று மாதமாகியும் பதில் இல்லை. இப்போது கொஞ்சம் சின்ன வீடாக, கடன் குறைவாக வாங்கும்படி வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த 2 லட்சம் வங்கியிலேயே பத்திரமாக இருக்கிறது.

"நாளைக்கே கொடுத்தாகணும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த ஒரு நாளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டும் போனும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.