நேர் மாறலும் அல்-குவாரிஸ்மியின் கூலிக் கணக்கும்

கலீஃபா அல்-மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்த தம் நூலில் வணிகத்திற்கென ஒரு சிறு பகுதியை ஒதுக்கியுள்ளார். வாரிசுரிமை, பங்கீடு, வழக்கு, வாணிபம் ஆகியவற்றில் மக்களுக்கு வேண்டிய கணக்குகளை எளிமையாகத் தருவதே அந்நூலின் நோக்கம். இன்று நம் பிள்ளைகள் ‘நேர் மாறல்’ எனப் பயிலும் பாடத்தின் சாரத்தை அப்பகுதியில் காண்கிறோம்.

கொடுக்கல் வாங்கலில் நான்கு எண்கள் உள்ளன என்கிறார் அவர்: குறிக்கப்பட்ட அளவு, அதன் விலை, வாங்கும் அளவு, அதற்குரிய தொகை. இவற்றுள் மூன்று தெரிந்தால் நான்காவதைக் கண்டறியலாம். 6 திர்ஹத்துக்கு 10 அளவு எனில், 4 திர்ஹத்துக்கு எவ்வளவு? 10ஐ 4ஆல் பெருக்கி, 6ஆல் வகுத்தால் 6⅔ கிடைக்கும்.

இதையே இன்றைய முறையில் இரண்டு படிகளாகச் செய்கிறோம். முதலில், தெரிந்த இணையிலிருந்து மாறிலியைக் காண வேண்டும்: ஒரு திர்ஹத்துக்கு 10/6, அதாவது 5/3 அளவு. பின்னர் அம்மாறிலியைப் புதிய தொகையால் பெருக்க வேண்டும்: 5/3 × 4 = 6⅔.

அவர் தரும் மற்றொரு கணக்கு கூலியைப் பற்றியது. மாதம் 10 திர்ஹம் பெறும் தொழிலாளி ஆறு நாள் உழைத்தால் அவருக்குரியது என்ன? ஆறு நாள் மாதத்தின் ஐந்தில் ஒரு பங்கு; ஆகவே கூலி 2 திர்ஹம். அதில் குறைப்பது உழைத்தவரின் உரிமையைப் பறிப்பதாகும்.

ஆனால், ஒன்று கூட மற்றொன்றும் கூடுவதாலேயே அது நேர் மாறல் ஆகிவிடாது. ஒன்று இருமடங்கானால் மற்றதும் இருமடங்காக வேண்டும்; இரண்டின் விகிதமும் எங்கும் மாறாதிருக்க வேண்டும். ஆடுகளுக்கான ஸகாத்தை எடுத்துக்கொள்வோம். 40 ஆடுகளுக்கு ஓர் ஆடு. 120 வரையிலும் அதே ஓர் ஆடுதான். 121 முதல் 200 வரை இரண்டு. இங்கே விகிதம் நிலையாக இல்லை. இதை உணராமல் 120 ஆடுகளுக்கு மூன்று எனக் கணக்கிட்டால், உரியவரிடமிருந்து இரண்டு ஆடுகளை அநியாயமாக எடுத்தவர்களாவோம்.

எனவே, பெருக்கத் தொடங்குமுன் விகிதம் மாறாதிருக்கிறதா என ஆராய்வதே இக்கணக்கின் முதல் படியாகும். விடை சரியாவதும் உரிமை உரியவரைச் சேர்வதும் அதனைப் பொறுத்தே அமைகின்றன.